ஒரு கை மட்டும்

அருமைநாயகத்தின் இடது கை மட்டும் மேலே போயிற்று.

தோணியின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி அண்ணன் பஸ்தியான் அதைக் கண்டான். தம்பி கரையில், மணல் திட்டியின் உச்சியில் நின்றான். மேட்டில் நிற்பவனுக்குத்தான் தண்ணீருக்குள் மீன் கூட்டம் கறுப்பாய் ஓடுவது தெரியும். தோணியில் இருப்பவனுக்கு அவன் கைதான் கண்.

வலது கை என்றால் வடக்கே துடுப்பு வலிக்க வேண்டும். இடது கை என்றால் தெற்கே. இரண்டு கையும் ஒன்றாய் எழும்பினால், இதுதான் இடம், வலையைப் போடு.

இடது கை. தெற்கே.

பஸ்தியான் தோணியைத் திருப்பினான். எட்டுப் பேரும் முதுகு முறிய வலித்தார்கள். தெற்கே ஒரு செதிள் கூட இல்லை. தாங்கள் விட்டு வந்த அதே இடத்தில் பாரைக் கூட்டம் வெள்ளி வெள்ளியாய்ப் புரண்டு, வடக்கே போயிற்று.

வடக்கே யாருடைய வலை? அருமைநாயகத்தின் பெண்சாதி அனஸ்தாசியாவின் அண்ணன்மாருடைய வலை.

பஸ்தியான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஊர் விதானையை நம்பமாட்டான். கூப்பன் அரிசி நிறுக்கிறவனை நம்பமாட்டான். யுத்தத்தில் இங்கிலீஸ்காரன் வெல்லுகிறான் என்று எழுதுகிற பேப்பரையும் நம்பமாட்டான். தம்பி மச்சான்மாரோடு சேர்ந்துவிடுவான் என்று இந்த வருஷத்து வலைப்பாடு தொடங்கின நாள் முதல் அவன் மனதில் ஒரு முள் கிடந்தது.

தோணி கரை தட்டுமுன் குதித்தான். இடுப்பளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து திட்டியில் ஏறினான்.

"பெண்சாதி வீட்டாருக்கு மீனை ஓட்டிக் குடுத்திட்டியோடா, நாயே?"

தம்பி சிரித்தான். அதுவும் ஒரு பக்கத்து வாயால், கோணலாய், நையாண்டி பண்ணுகிறவன் மாதிரி.

பஸ்தியான் அறைந்தான்.

அருமைநாயகம் ஏதோ சொன்னான். சொல் வாய்க்குள்ளேயே தேத்தண்ணியில் நனைந்த பாண் மாதிரிக் குழைந்தது.

"வெள்ளெனக் கள்ளும் அடிச்சிருக்கிறான், பாருங்கோ!" என்றான் பஸ்தியான்.

பின்னால் ஏறி வந்தவர்களில் தோமஸ்தான் வாயைத் திறந்தான். "தலவில் கோயிலில சத்தியம் பண்ணிக் கள்ளை விட்டவன் அண்ணை அவன்."

அருமைநாயகத்தின் முழங்கால் மடிந்தது. மணலில் இருந்துவிட்டான். இடது கையால் தன் வலது கையைத் தேடினான். அது செத்த மீன் மாதிரித் தொடையில் கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். வழுக்கி விழுந்தது. மறுபடியும் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, நங்கூரக் கல்லைத் தூக்குகிறவன் போல, அந்தக் கையைத் தலைக்கு மேலே கொண்டு போனான்.

இரண்டு கையும் மேலே.

இதுதான் இடம். வலையைப் போடு.



விடியற்காலையில் தம்பியின் கையிலிருந்து தேத்தண்ணிச் சிரட்டை நழுவி விழுந்தது பஸ்தியானுக்கு ஞாபகம் வந்தது. கை விறைக்கிறது என்று அவன் உதறிக்கொண்டு நின்றான். வேலைக்கள்ளனுக்குக் கை எப்போதும் விறைக்கும் என்று எல்லாரும் சிரிக்கும்படி சொன்னவன் பஸ்தியான்தான். கொஞ்ச நேரத்தில் விறைப்பும் போய்விட்டது. தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அனஸ்தாசியா செதிள் ஒட்டின கையோடு ஓடி வந்தாள். புருஷனின் தலையை மடியில் வாங்கினாள். வாயின் ஒரு ஓரத்தில் வடிந்த எச்சிலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பஸ்தியானைப் பார்த்தாள்.

"அத்தான், அண்டைக்குச் சிலாபத்து டொக்டர் இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

பஸ்தியான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடிப்போய் வண்டிலைப் பூட்டுங்கோடா!" என்று கத்தினான்.

டொக்டர் சொல்லித்தான் இருந்தார்.

மூன்று கிழமைக்கு முன், தலையிடி தாங்கவில்லை என்ற தம்பியை அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். டொக்டருக்குத் தமிழ் வராது. தம்பிக்குச் சிங்களம் தெரியாது. பஸ்தியானுக்கு இரண்டும் தெரியும்.

இவருக்கு இரத்தக் கொதிப்பு மிஞ்சிப் போயிருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும், கருவாட்டை விட வேண்டும். கொஞ்ச மாதத்துக்கு வெயிலில் வேலைக்கு விடாதே. வாய் கோணினால், ஒரு பக்கத்துக் கை விறைத்தால், பேச்சுக் குழறினால், அது தானாய்ச் சுகப்பட்டாலும் நம்பி இராதே, அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வா.

டொக்டர் விரலை மடக்கி மடக்கி, இரண்டு தரம் சொன்னார்.

அப்போது வலைப்பாடு தொடங்கி நாலு நாள். மேட்டில் நின்று தண்ணீர் பார்க்க வேறு ஆள் இல்லை. கோட்டுப் போட்டவன் சொல்வதெல்லாம் வேதமா?

"என்ன அண்ணை சொல்றார்?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்டுமில்லையாம். தலைக்கு எண்ணெய் வைக்கட்டாம்."

தம்பியின் முகம் தெளிந்தது. அண்ணன் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஊமையாய் நின்றிருப்பேன் என்று சொல்லி, ஸ்டேசனுக்கு வருகிற வழியில் நல்ல புகையிலைச் சுருள் ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

அதில் பாதி, நனைந்து, இன்னும் பஸ்தியானின் மடியில் இருந்தது.