பின்னால் உட்கார்ந்தவன்

"நிறுத்தாதீங்கண்ணா! இந்த ஏத்தத்துல நின்னா அப்புறம் ஏறாது. முறுக்குங்க, முறுக்குங்க!"

பின்னாலிருந்து சென்றாயன் கத்தினான். மாயவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினான். புல்லட் சரளைக்கல்லை வாரி இறைத்துக்கொண்டு வளைவில் ஏறியது. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் வெறும் பள்ளம். மாயவன் எட்டிப் பார்க்கவில்லை.

அது எழுபத்தொன்றாம் வருஷம். சித்தேரி மலையின் உள்ளூர்களுக்கு அப்போது பஸ் கிடையாது. காட்டு இலாகா ஜீப்புக்காக வெட்டிப்போட்ட மண் பாதை ஒன்றுதான். முந்தின நாள் மழை வேறு பெய்து, அதுவும் பாதி சேறாகக் கிடந்தது.

அடிவாரத்தில் நடு ரோட்டில் கையை விரித்து நின்று வண்டியை மறித்தவன் இந்தச் சென்றாயன். இடுப்பில் கொடுவாள், உடம்பெல்லாம் வேர்வை. "அண்ணா, மேல எங்க ஊர்ல ஒருத்தரைப் பாம்பு கடிச்சுருச்சுங்க. டோலி கட்டித் தூக்கியாந்தா பொழுது போயிரும். வண்டியில அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் உசுரு நிக்கும்" என்றான். மாயவன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்தும் விட்டான்.

"எனக்கு அவசரமா சேலம் போவணும்ப்பா" என்று மாயவன் அப்போதே முனகினான். அதையேதான் இப்போதும் சொன்னான்.

"சேலத்துல ஆளு காத்துக்கிட்டு இருக்காரு. இன்னும் எவ்வளவு தூரம்?"

"அந்த மொட்டைப் பாறையைத் தாண்டினா ஓடை. ஓடையைத் தாண்டினா ஊருங்க."

"ஏறுன நேரத்துல இருந்து இதையேதான் சொல்றே."

"பாதையைப் பாருங்கண்ணா!"

முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்தது. சென்றாயனின் கை மாயவனின் தோளை இறுக்கியது. அடிவாரத்திலிருந்தே அந்தக் கை தோளை விடவில்லை. மலைக்காரன், மோட்டார் சைக்கிள் பழக்கமில்லை, பயப்படுகிறான் போலும் என்று மாயவன் நினைத்துக்கொண்டான்.

"கடிபட்டவரு உனக்கு என்ன வேணும்?"

"சொந்தம்னு சொல்ல முடியாதுங்க. போன வருசம் எம் பொண்டாட்டி காசியம்மாளுக்கு ஜன்னி கண்டுருச்சு. பாடைக்கு மூங்கிலே வெட்டியாச்சுங்க. இவருதான் கூடவே இருந்து காப்பாத்துனாரு. இவரு போயிட்டா எங்க மலைக்கு நாதி இல்லீங்க."

மாயவனுக்கு என்னவோ போலிருந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

மொட்டைப் பாறை அருகே வண்டி விட்டுவிட்டு இருமத் தொடங்கியது.

"பெட்ரோல் தீந்துபோச்சு! இனி நகராது!" என்றான் மாயவன். கோபமாகச் சொன்னாலும் உள்ளுக்குள் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. "இறங்கிக்க. நீ நடந்து போ. நான் இப்படியே உருட்டிக்கிட்டுக் கீழ போயிடறேன்."

"டேங்குக்குக் கீழ ஒரு திருகு இருக்குது பாருங்க. அதைத் திருப்புங்க, ரிசர்வ்ல ஓடும்."

மாயவன் தடவிப் பார்த்துத் திருப்பினான். வண்டி ஒரு தரம் செருமிவிட்டு, மறுபடி ஒழுங்காக ஓடியது.

"உனக்கெப்படிய்யா இதெல்லாம் தெரியும்?"

"பின்னால உக்காந்து பாத்ததுதாங்க." கொஞ்ச தூரம் போனபின் சென்றாயன் கேட்டான்: "சொந்த வண்டிங்களா?"

"பின்னே? இரவல் வண்டியிலயா மலையேறுவாங்க?"

சென்றாயன் தோளில் வைத்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

ஓடையில் முழங்கால் தண்ணீர். பாசி பிடித்த கல்லில் சக்கரம் வழுக்கியது.

"அணைச்சுட்டுத் தள்ளலாங்களா?"

"வேண்டாம், வேண்டாம். அணைச்சா மறுபடி கிளம்புமோ என்னவோ!"

சென்றாயன் தண்ணீரில் இறங்கித் தள்ளினான். அப்போதும் ஒரு கை கேரியரை விட்டு எடுபடவில்லை. அக்கரை ஏறியதும் பழையபடி பின்னால் தொற்றிக்கொண்டான்.

ஊர் என்பது ஏழெட்டுக் குடிசைகள். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள், மாயவனைப் பார்த்தார்கள், அப்புறம் சென்றாயனைப் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். சென்றாயன் கையைக் காட்டி அடக்கினான்.

"உசுரு இருக்குதா?"

"இருக்குது. சீக்கிரம் வா."

"நீங்களும் வூட்டுக்குள்ள வாங்கண்ணா. தூக்க ஒரு கை வேணும்" என்று மாயவனை அழைத்துக்கொண்டு குனிந்து நுழைந்தான்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் பேன்ட் போட்ட ஒருவர் கிடந்தார். கழுத்தில் ஜெபமாலை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை வீங்கி, துண்டால் கட்டியிருந்தது. தலைமாட்டில் ஒரு மருந்துப் பை.

"கம்பவுண்டர் ஐயா, சவரி ஐயா, கண்ணைத் தொறங்க. வண்டி வந்துருச்சு."

அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். வாசல் வழியே, வெளியே உறுமிக்கொண்டு நின்ற புல்லட்டைப் பார்த்தார்.

"என் வண்டிதானே அது... மழையில ஏறாதுன்னு அடிவாரத்துல புளியமரத்துக்கிட்ட விட்டுட்டு வந்தேன். உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே, யாரு ஓட்டியாந்தா?"

மாயவன் வெளியே நழுவப் பார்த்தான். திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு மொத்த ஊரும் நின்றது.

"இந்த மலையில உங்களைத் தவிர யாருக்குங்க ஓட்டத் தெரியும்? ஓட்டத் தெரிஞ்ச ஆளைத் தேடித்தான் கீழ ஓடினேன். ஓடிப்போய்ப் பாத்தா, இவன் உங்க வண்டியைத் திருடிக் கிளப்பிக்கிட்டு இருந்தான்" என்ற சென்றாயன், மறுபடியும் மாயவனின் தோளைப் பிடித்தான். "அவரைத் தூக்குடா. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்."