அறைந்த கை

"அவளை நான் சும்மா விடப்போறதில்லைம்மா!"

கவாட்டாவின் இடது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

முந்தின நாள் சந்தைத் திடலில் எம்.பி.யின் கூட்டம். 'போன தேர்தல்ல கட்டித் தர்றேன்னு சொன்ன ஆஸ்பத்திரி எங்கே?' என்று கேட்பதற்காக அவளும் அவள் நண்பர்கள் முட்டிசோவும் கிமான்சியும் எழுந்தார்கள். மூவருக்கும் இந்த வருஷம்தான் முதல் ஓட்டு.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு போலீஸ்காரி பாய்ந்து வந்து பளாரென்று அறைந்தாள்.

"முளைச்சு மூணு இலை விடலை, உனக்குக் கேள்வியா? போடி, வீட்டுல போய் உகாலிக் களி கிண்டு!"

திடலே சிரித்தது. காதைத் திருகி இழுத்துப்போய், புறப்பட இருந்த மினி பஸ்ஸில் அவளைத் தள்ளி, "இறக்கி விடாம ஓட்டுய்யா" என்று டிரைவரை விரட்டினாள்.

"புகாரெல்லாம் வேணாம்டி," அம்மா கெஞ்சினாள். "அந்தப் பசங்க ரெண்டு பேரும் இன்னும் வீடு திரும்பலையாம். எனக்குப் பயமா இருக்கு."

"அதையும் சேர்த்துத்தான் கேக்கப்போறேன். நீங்கள்லாம் பயந்து பயந்துதான் ஊர் இப்படிக் கிடக்கு."

ஸ்டேஷனில் அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"உன்னை மாதிரிப் பிள்ளைங்கதான் நாட்டுக்கு வேணும். பயப்படாம சொல்லும்மா."

இத்தனை மரியாதையை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள்.

"மூணு பேரும் சேர்ந்துதான் எழுந்தோம் சார். என்னை அடிச்சுத் துரத்திட்டாங்க. அவங்க ரெண்டு பேரையும் காணோம்."

"உன்னை அடிச்சது யாரு? பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

அதிகாரி மணியை அடித்தார். பெண் போலீஸ் நான்கு பேர் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள்.

கடைசியில் நின்றவள் கவாட்டாவைக் கண்டதும் திடுக்கிட்டாள். யாருக்கும் தெரியாமல் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்பதுபோல.

இப்போது மட்டும் பயமா? கவாட்டா விரலை நீட்டினாள்.

"இவங்கதான் சார்!"

மற்ற மூவரையும் போகச் சொல்லிவிட்டு, அதிகாரி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். அந்தப் போலீஸ்காரியின் பக்கம் திரும்பினார்.

"மூணு பேரையும் வண்டியில ஏத்தச் சொல்லியிருந்தேன், ஔமா. ரெண்டு பேர்தான் வந்து சேர்ந்தாங்க. இந்தப் பொண்ணைத் தப்பிக்க விட்டது யாருன்னு நேத்திலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்."