நூறு பேருக்கு டீ

"ஏங்க, நூறு பேருக்கு டீ போடணும்னா தூள் அரைக் கிலோ போதுமா?"

கூடத்தில் மருமகள் கேட்டது, அறைக்குள் கட்டிலில் கிடந்த ரெத்தினத்தின் காதில் விழுந்தது. மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் ஆயுசு முழுக்க டீக்கடை நடத்தியவர் வீட்டில் கேட்கிற கேள்வியா இது?

கால் கிலோவே தாராளம். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்கிற வீட்டுக் கணக்கு கூட்டத்துக்கு ஆகாது. பெரிய பாத்திரம் அடுப்பிலேயே கிடக்கும். சாறு இறங்க இறங்கக் கசந்து, வாயில் வைக்க முடியாமல் போகும். சொல்லத்தான் வழியில்லை. பக்கவாதம் வலது பக்கத்தோடு பேச்சையும் கொண்டு போய்விட்டது. காதும் போய்விட்டதாக வீட்டில் அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

"முக்கால் கிலோவே வாங்கிடு. பத்தலைன்னா அசிங்கம்" என்றான் மகன் பகலவன். சிங்கப்பூரிலிருந்து அவசரமாக லீவு போட்டு வந்திருந்தான்.

எதற்கு வந்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? போன மாதம்தான் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து பேத்தி மதிவதனியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. பந்தலுக்கும் வாடகை நாற்காலிக்கும் சொல்லி வைத்தாயிற்று. நிச்சயதார்த்தம்தான், வேறென்ன?

அதற்குள் தான் போய்ச் சேர்ந்து நல்ல காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுதான் ரெத்தினத்தின் ஒரே பயம். அதனால்தான் தொண்டையில் இறங்காத கஞ்சியைக்கூட முக்கி முனகி விழுங்கினார். நேற்று மூச்சு முட்டியபோதும், இன்னும் கொஞ்சம் பொறு என்று உயிரை அதட்டி உட்காரவைத்தார்.

"ஞாயித்துக்கிழமையோட என் லீவு முடியுது" என்று பகலவன் சலித்துக்கொள்வது கேட்டது. பாவம் பிள்ளை, அதற்குள் எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்று இவரும் தவித்தார்.

மதிவதனி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணப் பெண் கையால் ஒரு வாய். ரெத்தினம் ஆசையாக வாயைத் திறந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டுக் காளியம்மாளின் குரல் கேட்டது. "ஏம்மா, முக்கால் கிலோ போட்டா கசந்துடாதா?"

அப்பாடா, விவரம் தெரிந்த ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நினைத்தார்.

"கசந்தா என்னக்கா? துக்க வீட்டுல யாரு ருசி பார்க்கப் போறா?" என்றாள் மருமகள். "தூளை வாங்கி உங்ககிட்ட குடுத்துடறேன். அவரை எடுக்கிற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது பாருங்க, நீங்கதான் போட்டுக் குடுக்கணும்."

மதிவதனி ஸ்பூனை நீட்டினாள். திறந்திருந்த வாயை ரெத்தினம் மெல்ல மூடிக்கொண்டார்.