குழாய்த் தண்ணீர்

“தெரு வெள்ளம் உள்ளே வந்துச்சுன்னு சொன்னா இன்சூரன்ஸ்ல பைசா தேறாது. வீட்டுக் குழாய் வெடிச்சாத்தான் பணம். நீ வாயே திறக்காதே!” என்று மனைவியை அடக்கிவிட்டு, குளியலறைக் குழாயைச் சுத்தியலால் ஒரே போடு போட்டு உடைத்தார் கணக்கு வாத்தியார்.

அழைப்பு மணி அடித்தது.

“இன்சூரன்ஸ்லேர்ந்து வர்றேன் சார்.”

“வாங்க, வாங்க! எங்க குழாய் வெடிச்சு வீடே குளமாயிடுச்சு, பாருங்க.”

“தெருவுல முழங்கால் அளவு தண்ணி ஓடிச்சாமே?”

“அதுல ஒரு சொட்டுகூட உள்ளே வரல. எல்லாம் எங்க குழாய்த் தண்ணிதான்!”

“சுவரெல்லாம் சேறா இருக்கே?”

“பழைய குழாய் சார். அவ்வளவு அழுக்கு.”

சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு தவளை தாவி, வந்தவரின் ஷூ மேல் உட்கார்ந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நாங்க வளர்க்கிறது சார்” என்றார் வாத்தியார், கொஞ்சமும் அசராமல்.

“இதையெல்லாம் வீடியோவுல ஒரு தடவை சொல்லிடுறீங்களா?”

வாத்தியார் தலை சீவிக்கொண்டு வந்து, தவளை உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

வந்தவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரொம்ப நன்றி சார். நான் உங்க பக்கத்து வீட்டுக்காரரோட இன்சூரன்ஸ் கம்பெனி. உங்க குழாய் வெடிச்சுத்தான் தன் வீடு மூழ்கிச்சுன்னு அவர் சொன்னப்ப, புளுகுறார்னு நினைச்சேன். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இனி அவர் நஷ்டமெல்லாம் உங்க தலையிலதான்.”

வாத்தியார் ஈரச் சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அவங்க சமையலறையில இன்னும் மூணு தவளை இருக்கு சார். வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”