மூஸ் துவக்கு

கஸ்பர் மூண்டாவது துவக்கையும் தூக்கித் தோளிலை வைச்சுப் பார்த்தான்.

பிக்கரிங்கிலை இருக்கிற அந்த வேட்டைச் சாமான் கடைக்குள்ளை வந்து ஒண்டேகால் மணித்தியாலம். பின்னேர ஷிப்டுக்கு நான் மிசிசாகா போகவேணும். கார்த் திறப்பைக் கையிலை வைச்சு ஆட்டிக்கொண்டு நிண்டன். இவனுக்கு அவசரமே இல்லை.

கோழி உரிக்கச் சொன்னால் குசினியை விட்டு ஓடுறவன். உவனுக்கு மூஸ் வேணுமாம். ஆயிரம் இறாத்தல் மான் சாதி மிருகம்! வேலையிடத்து வெள்ளையள் ஐப்பசியிலை வடக்கை வேட்டைக்குப் போகினமாம், இவனையும் வரச் சொன்னவையாம். அண்டையிலையிருந்து வாயைத் திறந்தால் துவக்குக் கதைதான்.

லைசென்ஸ் இன்னும் வரேல்லை. அது இல்லாமல் விக்கமாட்டம், பாக்கலாம் எண்டு கவுண்டரிலை நிண்ட வெள்ளைக்கார மனுசி சொல்லிப்போட்டா. இவனும் பாக்கிறான், பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி.

குறி பாக்கிற ஸ்கோப்பைத் துவக்கோடை பூட்டுற மவுண்டுக்கு மட்டும் அரை மணித்தியாலம். வளையம் உயர்ந்தால் கன்னம் துவக்குக் கட்டையிலை படாதாம். தாழ்ந்தால் கண்ணாடி குழலிலை முட்டுமாம். கண்ணுக்குக் கிட்டப் பூட்டினால் வெடிக்கேக்கை புருவத்தைக் கிழிச்சுப்போடுமாம். பிறகு துவக்குக்குப் போடுற ரவையின்ரை நிறைக் கதை. நூற்றைம்பது கிரெயினோ நூற்றியெண்பதோ, எலும்பிலை பட்டு உடையிறதோ உடையாமல் உள்ளுக்குப் போறதோ. மனுசி சலிக்காமல் மறுமொழி சொன்னா. எனக்கெண்டால் விசர் வந்தது.

ஆனா ஒண்டு. இவன்ரை முகத்திலை இப்பிடியொரு சந்தோசத்தை நான் ஒண்டரை வருசமாய்க் காணேல்லை. பெண்சாதி மக்டலீனைச் சவக்காலையிலை தாட்டுப்போட்டு வந்த நாளிலையிருந்து காணேல்லை.

அப்பத்தான் என்ரை போன் அடிச்சது. தெரியாத நம்பர்.

வெளியிலை பார்க்கிங்குக்கு வந்து எடுத்தன். துவக்கு லைசென்ஸ் குடுக்கிற கந்தோராம். கஸ்பர் விண்ணப்பத்திலை, தன்னைத் தெரிஞ்ச ஆளெண்டு என்ரை பேரைப் போட்டிருக்கிறானாம். இரண்டொரு கேள்வி கேக்கலாமோ எண்டு அந்தாள் தன்மையாய்க் கேட்டார்.

எத்தினை வருசமாய்த் தெரியும்? முப்பத்தொரு வருசம்.

குடிச்சுப்போட்டுச் சண்டை சச்சரவு? சீ, அப்பிடி ஒண்டும் இல்லை. பெருநாளுக்கு ஒரு பியர்.

அவரிட்டைத் துவக்கு இருக்கிறது அவருக்கோ மற்றாக்களுக்கோ ஆபத்தெண்டு நினைக்க ஏதும் காரணம் இருக்கோ?

காருக்குப் பக்கத்திலை போய் நிண்டன்.

போன மாசியிலை அவன் இரண்டு நாளாய்ப் போன் எடுக்கேல்லையெண்டு வெக்ஸ்போர்ட்டிலை அவன்ரை அப்பார்ட்மென்ட் கதவைத் திறப்பிச்சு உள்ளுக்குப் போனது நான். அம்புலன்ஸிலை பக்கத்திலை இருந்தது நான். தன்ரை உயிரைத் தானே எடுக்கப் பார்த்தவன், பதினொரு நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்தான். சேர்ச் சனத்துக்கு ஹார்ட் அட்டாக் எண்டு சொன்னம். மொன்றியலிலை இருக்கிற மகள் மெலிசாவுக்கும் அதையேதான் சொன்னம்.

இனி அப்பிடிச் செய்யமாட்டனடா எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணினவன்.

கண்ணாடிக்குள்ளாலை பார்த்தன். உள்ளுக்குக் கஸ்பர் எதையோ சொல்லி அந்த மனுசியைச் சிரிக்க வைச்சுக்கொண்டு நிண்டான்.

இல்லையெண்டு சொன்னால் அவன் இப்பிடியே சிரிச்சுக்கொண்டு வேட்டைக்குப் போவான். ஓமெண்டால் அவனுக்கு மிச்சமாய்க் கிடக்கிற இந்த ஒரு ஆசையையும் நான் பறிக்கிறன். காருக்கும் குப்பைத் தொட்டிக்கும் இடையிலை நடந்தன். திரும்ப நடந்தன். லைனிலை இருக்கிறீங்களோ எண்டு அந்தாள் கேட்டார்.

ஓம், காரணம் இருக்கு எண்டன்.

மாசியிலை நடந்ததை முழுக்கச் சொன்னன். அந்தாள் தட்டச்சுப் பண்ணுற சத்தம் கேட்டது.

போனை வைச்சன். முப்பத்தொரு வருசச் சிநேகிதத்தை மூண்டு நிமிசத்திலை வித்துப்போட்டு நிக்கிறன். அட யூதாசே எண்டு என்னை நானே ஏசினன்.

உள்ளுக்குப் போக, அவன் துவக்கைக் கவுண்டரிலை கிடத்திப்போட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கேக்க முதலே, வேலையிடத்திலையிருந்து போன் எண்டு பொய் சொன்னன்.

அவன் அந்த மனுசிக்கு நன்றி சொல்லிப்போட்டுக் கார்வரைக்கும் என்னோடை வந்தான். ஏறி இருந்து, பெல்ட்டைப் போட்டபடி சொன்னான்.

"காலமை லைசென்ஸ் கந்தோரிலையிருந்து எனக்கும் எடுத்தவங்கள். மத்தியானத்துக்குள்ளை உனக்கு எடுப்பமெண்டவங்கள்."

மன்னிச்சுக்கொள்ளடா எண்டு தொடங்கினன். அவன் கையைக் காட்டி நிப்பாட்டினான்.

"பேசாமலிரு சீமோன். சேர்ச்சிலை வேறை எவன்ரை பேரைப் போட்டிருந்தாலும் நான் தங்கமான மனுசன் எண்டு சொல்லி விட்டிருப்பினம். எனக்கு ஆசையாயும் கிடந்தது, உது வீட்டிலை கிடந்தால் என்ன செய்வனோ எண்டு பயமாயும் கிடந்தது. நானாய் வேண்டாமெண்டு விட என்னாலை ஏலேல்லை. உண்மை தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தானே. அதுக்குத்தான் உன்ரை பேரைப் போட்டனான்."