நீ போலீஸா, தாயி?

"தாயி, நீ போலீஸ் இல்லைன்னு உம் புள்ளை மேல சத்தியம் பண்ணு."

"எனக்குப் புள்ளை இல்லண்ணே."

மொக்கைச்சாமிக்கு வியர்த்தது. அய்யலூர்ச் சந்தையில் அவர் ஆட்டுத் தரகர். அது ஊரறிந்த தொழில். ஊரறியாத தொழில், இருவரும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்த அவருடைய மினி லாரியில் அகத்திக்கட்டுக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி.

இந்த வியாபாரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள் அவர். ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே ஆட்டுக்கு நடுவே குனிந்துகொள்வார். போதாததற்குப் போன வாரம்தான், வாங்க வந்தவர் போல் மஃப்டியில் வந்து கூட்டாளி ஒருவரை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

"என்னைப் பத்தி யார் சொன்னா?"

"முன்னாடி உங்ககிட்ட வாங்குன ஒருத்தர் மூலமாத்தாண்ணே தெரியும்."

"செருப்பைக் கழட்டு."

கழற்றினாள். வறண்ட கண்மாய் போல் வெடித்த குதிகால். பூட்ஸ் பார்த்த கால் இல்லை. கால்வாசி நிம்மதி.

"ஆதாரைக் காட்டு."

சண்முகவள்ளி என்று போட்டிருந்தது. படத்தில் இருந்த முகத்துக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே அசல் ஆதார்தான் என்று முடிவு செய்தார்.

"போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா."

தார்ப்பாயை விலக்கி, எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கினாள். அரைவாசி நிம்மதி.

"பொண்ணு பார்க்க வந்தவுக கூட என்னைய இம்புட்டு விசாரிக்கலண்ணே," என்றாள், டீயை நீட்டியபடி.

"பயம் தாயி. வீட்டுல ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு. நான் உள்ள போயிட்டா அதுகளுக்கு யாரு?"

அவள் தன் டீயைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "இதை நான் எதுக்கு வாங்குறேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

மொக்கைச்சாமி காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாத! பன்னியை விரட்டுவியோ, பரண்ல போட்டு வைப்பியோ, அது உம்பாடு. தெரியாத வரைக்கும்தான் எனக்குத் தூக்கம்."

"யார் வந்தாலும் கேக்க மாட்டீகளா?"

"இன்னைய வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எனக்கு மருந்து அடைக்கத் தெரியாதுண்ணே. நீங்களே அடைச்சுக் குடுத்துருங்க."

தார்ப்பாய் இடுக்கைப் பார்த்துக்கொண்டே அடைத்தார். பாதி கரிமருந்து மடியில் கொட்டியது. வெளியே யாரோ விசில் அடித்தார்கள். துப்பாக்கியைப் போட்டுவிட்டு அகத்திக்கட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். ஆடு ஏற்றிய வண்டிக்கு ஒருவர் வழி காட்டியது அது. தழையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, அசடு வழியச் சிரித்தார்.

பணம் கைமாறியது. சாக்கில் சுற்றிய துப்பாக்கி கைமாறியது. மாட்டிக்கொள்வதென்றால் இந்த நொடிதான். கண்ணை இறுக மூடி, குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டார்.

ஜீப் வரவில்லை. தார்ப்பாயை யாரும் கிழிக்கவில்லை. சந்தை தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"அப்பாடா!" கண்ணைத் திறந்தார். "தப்பா நினைக்காத தாயி. இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நீ போலீஸ் இல்ல!"

"இல்லண்ணே." சண்முகவள்ளி சாக்கை உருவிப் போட்டுவிட்டு, குழலை அவர் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினாள். "போன தைல ஒரு குடிகாரனுக்கு இதே மாதிரி ஒண்ணு வித்தீக. அவன் சுட்டது எந்தம்பியை. எதுக்கு வாங்குறன்னு இன்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, ஒண்ணும் வேணாம்னு திரும்பிப் போயிருப்பேன்."