வாசலில் கத்திய முட்டி

உப்பளம் பொருட்காட்சி வாசலில் தனிஸ்லாஸ் நுழைந்ததுமே மெட்டல் டிடெக்டர் கத்தியது. போலீஸ்காரர் அவருடைய பாக்கெட்டுகளைத் துழாவினார். ஒரு சாவிகூட இல்லை.

"முட்டிக்குள்ள மெட்டல் இருக்கு சார். ஆபரேஷன் பண்ணி வச்சது."

"அதுக்கு ஆஸ்பத்திரியில கார்டு குடுத்திருப்பாங்களே? காட்டினா பக்கத்து வழியா விட்டுடுவோம்."

"வீட்லயே வச்சுட்டேன்."

மனைவி பெர்னதெத் தலையில் அடித்துக்கொண்டாள். "வேணும்னே வச்சுட்டு வர்றாரு சார். போன வாரம் மாதா கோயில் திருவிழாவுலயும் இதே கூத்துதான்."

"ஏன் பெரியவரே?"

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கார்டைக் காட்டினா பேசாம அனுப்பிடுறீங்க. அப்புறம் இந்த முட்டிய டிசைன் பண்ண இன்ஜினியர் எம் பொண்ணு ரூபின்னு நான் யாருகிட்ட சார் சொல்றது?"